இன்று யார் வீட்டுப் பிள்ளையின் முறை?

மூன்று வருஷங்களுக்கு முன்பு என் மூத்த மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விசேஷம். வெள்ளிக்கிழமை காலையில் கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. கொல்லைப்புறத்தில் ஒரே நாற்றம். போய்ப் பார்த்தால், செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது!

முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. சமையலும் குழந்தை வளர்ப்பும் பேசுகிற இடத்தில் இது என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். அடுப்படி எப்படி நம் பொறுப்போ, அப்படியே கொல்லைப்புறமும் நம் பொறுப்புதான். அன்று என் வீட்டுக் கொல்லையில் நடந்ததை யாரிடமாவது சொன்னால்தான் என் மனசு ஆறும்.

அறுபது பேரைச் சாப்பிட அழைத்திருந்தோம். சம்பந்தி வீட்டார் சனிக்கிழமை இரவே வந்துவிடுவார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கணவர் யாரையோ விசாரித்து ஒரு காண்ட்ராக்டரை அழைத்து வந்தார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"லாரி உங்க சந்துக்குள்ள வராதும்மா. நம்மகிட்ட இருக்கிற குழாயும் இவ்வளவு தூரம் எட்டாது. அடியில வேற கெட்டியா இறுகிப் போயிருக்கு. ரெண்டு ஆளை இறக்கி அள்ளிடலாம். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"உள்ளே இறக்குறதா?" என்றேன்.

"எல்லார் வீட்லயும் அப்படித்தாம்மா. பழகின ஆளுங்க."

என் மாமியார், "விசேஷ வீடும்மா. எப்படியாவது முடிச்சுக் குடுக்கச் சொல்லு" என்றார். நானும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்றம் போக வேண்டும். அந்த நேரத்தில் வேறு எதுவுமே எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். இன்னொரு பிள்ளைக்கு என் மருமகன் வயதுதான். வெயிலில் வந்த அந்தப் பிள்ளை, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று கேட்டான். உள்ளே போனேன். என் கை எவர்சில்வர் டம்ளர்களைத் தாண்டிப் போய், மூலையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் மக்கை எடுத்தது. யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. கை தானாகப் போயிற்று. அதில்தான் தண்ணீர் கொடுத்தேன். அவனும் அண்ணாந்து குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றான்.

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். பெரியவர் ஒரு காகிதத்தைக் கொளுத்தி உள்ளே போட்டுப் பார்த்தார். "காஸ் இல்லை" என்றார். இடுப்பில் ஒரு கயிறு. கையுறை இல்லை, முகமூடி இல்லை. இறங்குவதற்கு முன்னால் மடியிலிருந்து எதையோ எடுத்துக் குடித்தான். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. கொஞ்சம் போட்டுக்கிட்டாத்தான் இறங்க முடியும்" என்றான்.

இரண்டு வாளி மேலே வந்தது. மூன்றாவது வாளி வரவில்லை.

"டேய்... டேய்!" என்று பெரியவர் கத்தினார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அவர் தானே குதிக்கப் போனார். என் கணவர் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்தான். மூன்று பேருமாகக் கயிற்றை இழுத்தார்கள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவனைக் கிடத்தியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டான். மூச்சு வந்தது, வாந்தி எடுத்தான். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சாயங்காலம் கண் விழித்துப் பேசினான். அங்கே அவன் மனைவி இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்து, "எந்த வீட்லம்மா இப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

"எங்க வீட்லதாம்மா" என்றேன். அதற்கு மேல் என்னால் தலை நிமிர முடியவில்லை.

மறுநாள் என் கணவர் அலைந்து வேறொரு லாரியைப் பிடித்தார். பெரிய தெருவிலேயே லாரியை நிறுத்தி, இரண்டு குழாய்களை ஒன்றாக இணைத்து, தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து, மோட்டார் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு ஆள்கூட உள்ளே இறங்கவில்லை. கூடுதல் செலவு 2,000 ரூபாய்!

வளைகாப்பும் நடந்தது. வளையல் சத்தத்துக்கு நடுவே என் மனசு மட்டும் அந்தத் தொகையையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது. ஓர் உயிருக்கும் எங்கள் வீட்டுச் சந்தோஷத்துக்கும் நடுவே இருந்தது 2,000 ரூபாயும் ஒரே ஒரு நாள் தாமதமும்தானா?

பாட்டி சொன்ன கதை

சின்ன வயதில் பாட்டி சொன்ன பகாசுரன் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஏகசக்கரபுரம் என்ற ஊர். ஊருக்கு வெளியே பகாசுரன். ஒரு வண்டிச் சோறு, வண்டி இழுக்கிற இரண்டு எருமை, கூடவே ஓர் ஆள். இவ்வளவையும் முறை வைத்து அனுப்பிவிட்டால் ஊரை அவன் ஒன்றும் செய்யமாட்டான். ஊரில் சந்தை நடந்தது, கல்யாணம் நடந்தது, குழந்தைகள் தெருவில் விளையாடின. முறை வந்த வீட்டில் மட்டும் அழுகை.

பாண்டவர்கள் மாறுவேஷத்தில் தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு நாள் முறை வந்தது. புருஷன் நான் போகிறேன் என்கிறான், மனைவி நான் போகிறேன் என்கிறாள், மகள் நான் போகிறேன் என்கிறாள். பேச்சுக்கூடத் திருந்தாத சின்னப் பையன் கையில் ஒரு துரும்பை வைத்துக்கொண்டு, 'இதால அவனைக் கொன்னுடுவேன்' என்கிறான். அடுத்த அறையில் இந்த அழுகையைக் கேட்ட குந்தி, 'நமக்கென்ன, நம் வீட்டு முறை இல்லையே' என்று இருந்துவிடவில்லை. தன் பிள்ளை பீமனை அனுப்பினாள். பகாசுரன் ஒழிந்தான். அந்த முறையும் ஒழிந்தது.

ஏகசக்கரபுரத்தைப் பற்றி நாம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அங்கே முறை எல்லா வீட்டுக்கும் வந்தது. நம் ஊரில் அந்த நியாயம்கூட இல்லை. சாக்கடைக்குள்ளும் மலத்தொட்டிக்குள்ளும் இறங்குகிற முறை திரும்பத் திரும்ப ஒரே தெருவுக்குத்தான் போகிறது. இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். தமிழ்நாட்டில் அதிகமாக அருந்ததியர் சமூகத்தவர். என் வீட்டுப் பிள்ளைக்கு அந்த முறை என்றைக்கும் வரப்போவதில்லை. அதனால்தானே வெள்ளிக்கிழமை அவ்வளவு சுலபமாகத் தலையாட்டினேன்?

மகாபாரதத்தில் பாட்டி எனக்குச் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். ஏகசக்கரபுரத்துக்கு வருவதற்குச் சற்று முன்புதான் அரக்கு மாளிகை எரிந்தது. பாண்டவர்கள் சுரங்கம் வழியாகத் தப்பினார்கள். அன்று குந்தி கொடுத்த விருந்துக்கு வந்து, சாப்பிட்டு, அங்கேயே தூங்கிப்போன ஒரு வேடுவப் பெண்ணும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் அந்தத் தீயில் கருகினார்கள். அந்த உடல்களைப் பார்த்துத்தான், பாண்டவர்கள் செத்தார்கள் என்று ஊர் நம்பியது. அவளும் ஐந்து பிள்ளை பெற்றவள்தான்!

பக்கத்து அறை அழுகைக்கு மனசு இளகிய அதே குந்திதான். இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நானும் அப்படித்தானே இருந்தேன்? என் மகள் லேசாகத் தலைவலி என்றால் இரவெல்லாம் தூங்கமாட்டேன். கொல்லைப்புறமாக வந்தவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

கணக்கு எங்கே தவறுகிறது?

விசேஷத்துக்கு வந்திருந்த என் அண்ணன் மகன், கல்லூரியில் படிக்கிறவன், என்னிடம் வாதம் செய்தான். "அத்தை, ஊர் முழுக்க நோய் இல்லாம இருக்கணும்னா யாராவது இந்த வேலையைச் செஞ்சுதானே ஆகணும்? எல்லையில ராணுவ வீரர் உயிரைக் கொடுக்கலையா? நிறையப் பேர் நல்லா இருக்கணும்னா கொஞ்சப் பேர் கஷ்டப்படறது தவிர்க்க முடியாது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது யோசித்துப் பார்த்தேன். ராணுவ வீரர் தானே விரும்பிச் சேருகிறார். பயிற்சி கொடுக்கிறோம். கையில் ஆயுதம், உடம்புக்குக் கவசம் கொடுக்கிறோம். இறந்தால் கொடி போர்த்தி மரியாதை செய்கிறோம். குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. இந்தப் பிள்ளைக்கு நாம் கொடுத்தது இடுப்பில் ஒரு கயிறும் பிளாஸ்டிக் மக்கில் தண்ணீரும்தான்.

அதோடு, கொஞ்சப் பேர் கஷ்டப்பட்டால்தான் ஊர் நன்றாக இருக்கும் என்பதே முதலில் உண்மையா? எங்கள் வீட்டில் அது பொய் என்று மறுநாளே தெரிந்துவிட்டதே! யாரும் இறங்காமலே தொட்டி சுத்தமானது. அவன் உயிருக்கு ஆபத்து வந்தது ஊர் சுகாதாரத்துக்காக அல்ல. நாங்கள் 2,000 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக. 'சமூகத்தின் நன்மை' என்று பெரிய பெயர் வைத்துவிடுகிறோம். உள்ளே பிரித்துப் பார்த்தால் நம்முடைய அவசரமும் சிக்கனமும்தான் இருக்கிறது.

பெண்களாகிய நமக்கு இந்த வாதம் புதிதா என்ன? 'குடும்பம் நல்லா இருக்கணும்னா ஒருத்தி பொறுத்துப் போனா என்ன?' என்று எத்தனை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம்! எல்லோரும் சாப்பிட்டு மிச்சமிருப்பதைச் சாப்பிடு, படிப்பை நிறுத்து, வாயைத் திறக்காதே... அப்படிச் சொன்னவர்கள் யாரும் நம் சம்மதத்தைக் கேட்கவில்லை. வேறு வழி இருக்கிறதா என்றும் தேடவில்லை. பொறுத்துப் போகிறவள் நாமாக இருக்கும்போது வலிக்கிற வாதம், கொல்லைப்புறத்தில் வேறொருவன் நிற்கும்போது மட்டும் எப்படி நியாயமாகிவிடும்?

பிரசவ வலியும் வலிதான். ஆனால் அது நம் பிள்ளைக்காக நாம் ஏற்றுக்கொள்வது. ஒருவர் தானாக ஏற்றுக்கொள்வதற்குத்தான் தியாகம் என்று பெயர். அடுத்தவர் தலையில் நாம் ஏற்றிவைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

தொட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

அழுகிய முட்டை வாசனை வருகிறதே, அது ஹைட்ரஜன் சல்பைடு என்கிற விஷ வாயு. காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருந்தால் மூக்கைத் துளைக்கும். அளவு கூடினால் வாசனை பிடிக்கிற நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். 'நாற்றம் போயிடுச்சு' என்று நினைக்கிற நேரம்தான் மிகப் பெரிய ஆபத்து. அளவு இன்னும் கூடினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். உள்ளே பிராணவாயுவும் குறைவு. மீத்தேன் வாயு வேறு, தீப்பற்றி வெடிக்கக்கூடியது. காகிதம் கொளுத்திப் பார்ப்பது ஆபத்தை நாமே கூப்பிடுவது போல!

மூடியை முதல் நாளே திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. அடியில் இறுகிய கசடைக் கிளறும்போதுதான் அதில் அடைபட்டிருந்த வாயு குமிழிட்டு வெளியே வருகிறது. முதல் இரண்டு வாளிக்கு ஒன்றும் ஆகாமல் மூன்றாவதில் அந்தப் பிள்ளை விழுந்தது இதனால்தான். காப்பாற்றப் போகிறவரும் அதே மூச்சில் விழுவார். 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடையில் சிக்கிய இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்றக் குதித்த ஓர் ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு சேர்ந்து இறந்துபோனார். வழியோடு போனவர் அவர். பிறகு கேரளத்து இளம் பொறியாளர்கள் சிலர் மனிதனுக்குப் பதிலாகச் சாக்கடைக்குள் இறங்கும் 'பாண்டிகூட்' என்ற இயந்திர மனிதனைச் செய்தார்கள். 2018-இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. மனசு வைத்தால் வழி இருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இலேயே ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் எவரையும் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்க்குக்குள்ளோ இறக்கக் கூடாது. மீறினால் முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'அவரே சம்மதிச்சுத்தானே இறங்கினார்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நானும் என் கணவரும் அன்று செய்தது குற்றம் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

1993-க்குப் பிறகு இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அரசாங்கக் கணக்குப்படியே 1993 முதல் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். அந்தப் பட்டியலில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம் நம் தமிழ்நாடு. கோலம் போட்டு வாசலை அழகாக வைத்துக்கொள்கிற நமக்கு இது பெருமையா?

நம்மால் முடிந்தவை

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டை நடத்துகிற நாம் செய்யக்கூடியவை எவ்வளவோ இருக்கின்றன.

வழிகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, விசேஷம் எதுவும் இல்லாத சமயத்தில், லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் விட்டால்தான் கசடு இறுகிப்போய், 'ஆளை இறக்கணும்' என்கிற பேச்சே வருகிறது. கடைசியாகச் சுத்தம் செய்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சானிட்டரி நாப்கின், குழந்தையின் டயாபர், பழந்துணி, பிளாஸ்டிக் பை எதையும் கழிப்பறையில் போடாதீர்கள். குழாயை அடைப்பதும் மோட்டாரை நிறுத்துவதும் இவைதான். அதை எடுக்கத்தான் மனிதன் உள்ளே இறங்குகிறான். இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காகிதத்தில் சுற்றி, மேலே ஒரு அடையாளம் போட்டு, தனியாகக் கொடுங்கள். வாங்கிக்கொள்கிறவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே!

புது வீடு கட்டுகிறவர்கள், லாரிக் குழாய் எட்டுகிற இடத்தில், எளிதாகத் திறக்கிற மூடியோடு தொட்டி வைக்கும்படி கொத்தனாரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உரிமம் பெற்ற லாரியைத்தான் கூப்பிடுங்கள். 14420 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். பணம் பேசும்போதே, 'ஆளை இறக்கக் கூடாது' என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். யாராவது உள்ளே மயங்கி விழுந்துவிட்டால் நீங்களோ மற்றவர்களோ இறங்கவே கூடாது. 101-க்கும் 108-க்கும் உடனே போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலைக்கு வருகிறவர் தண்ணீர் கேட்டால், நாம் குடிக்கிற டம்ளரில் கொடுங்கள். அதற்குப் பணமும் வேண்டாம், லாரியும் வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அதனால் என் மனசு லேசாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அவன் இப்போது அந்த வேலைக்குப் போவதில்லை. ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான். அவன் தெருவிலிருந்து இன்னும் பலர் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். யாரோ ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விசேஷம், யாரோ ஒருத்தி தலையாட்டுகிறாள்.

அது நீங்களாக இருக்க வேண்டாம், சகோதரி. இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, இன்று இரவு சாப்பாட்டின்போது உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

"நம்ம வீட்டு டேங்க்கைக் கடைசியா எப்போங்க சுத்தம் பண்ணினோம்? யாராவது உள்ளே இறங்கினாங்களா?"